கல்கத்தாவிலிருந்து இரண்டு மணி ஐந்து நிமிஷம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. பதில் மட்டும் என்னுடையது, அதிலும் பாதி தப்பு. தப்பை ஒளித்துவைத்து எட்டாம் பக்கத்தில் உடைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிச் செய்தால் வாசகர் அதுவரை என்னைப் புத்திசாலி என்று நம்பிக்கொண்டிருப்பார். பிறகு ஏமாந்த கோபத்தில் என் மற்ற கதைகளைப் படிக்காமல் விட்டுவிடுவார். (மற்ற கதைகள் இன்னும் எழுதப்படவில்லை. அது வேறு விஷயம்.)

என் பெயர் ஸம்பத்குமார். ஊர் திருவள்ளூர். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் உட்கார்ந்து பதினாறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த கதைக்கு எனக்கு நிறைய நேரம் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக ஆண்கள் எல்லோருக்கும் பெருமாள் கோயிலில் கைங்கர்யம். முதலில் பேன்ட் போட்டவன் நான். அப்பா இதை விட்டுக்கொடுக்காமல், கேட்கிறவர்களிடம் எல்லாம் 'பிள்ளையாண்டானுக்கு ஆகாசத்துல உத்தியோகம்' என்று சொல்லிவைத்தார். நான் இதுவரை ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை.

ஆனால் தூரம் தெரியும். எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் ஆகாய மார்க்கத்தில் எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வேன். என்னிடம் கேட்டவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். எல்லோரும் போக வேண்டும் என்பதற்காகக் கேட்டவர்கள். போகிற உத்தேசமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டவள் ஒரே ஒருத்தி. அவள் பக்கத்துக் கவுண்ட்டருக்குப் போகவில்லை, என் கவுண்ட்டருக்கு வந்தாள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அடக்கம் வேண்டுகிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: 'பழவேற்காடு ஏரியின் மேல் கார்த்திகை மேகம் கவிந்திருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற துலுக்காணம் வானத்தை அண்ணாந்து—'

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நான் அங்கே இல்லை. மேகம் கவிந்ததா, கறுத்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாத மேகத்தை வைத்து ஒரு பக்கம் நிரப்புவது வாசகரிடம் பொய் டிக்கெட் விற்பது.

இரண்டு: 'நம் நாட்டின் ஆகாயப் போக்குவரத்து வரலாற்றில் ஜெட் விமானங்களின் வருகை ஒரு புதிய—'

இது ஆபீஸ் சுற்றறிக்கை. கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

மூன்றாவதை எழுதவில்லை. என் மனைவி செங்கமலவல்லி இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, "அந்தப் பொம்மனாட்டி வந்து நின்னாளே, அங்கேருந்து ஆரம்பிங்கோ" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள். எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

3

1967, கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி. (வருஷம் சரி. விமான நேரங்களை மட்டும் கதைக்காக நானே வைத்திருக்கிறேன். பழைய அட்டவணையைத் தேடி எடுத்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம்.)

வரிசையில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். புடவையின் கீழ்ப்பகுதி ஈரம். அவளுக்கு முன்னும் பின்னும் இரண்டடி காலியாக இருந்தது. மீன் வாடைக்குப் பயந்து சூட்டு கோட்டுக்காரர்கள் ஒதுங்கியிருந்தார்கள். அவள் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டு விசாலமாக நின்றாள். பெயர் கங்கம்மாள் என்று பிறகு தெரிந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலிருந்து, விடியுமுன் படகேறி, பொன்னேரி வந்து, ரயில் மாறி வந்திருந்தாள்.

"சாமி, கல்கத்தாவுலேர்ந்து வர்ற பிளேன் எத்தினி மணிக்கி பொறப்படுது, எத்தினி மணிக்கி இங்க வருது?"

யாரையாவது அழைத்துப்போக வந்திருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் கிளம்பி நாலேகாலுக்கு இறங்குகிறது. தூரம் எண்ணூற்று ஐம்பது மைல் சொச்சம். பயண நேரம் மூன்றேகால் மணி. அத்துடன் விட்டிருக்கலாம். புது விஷயம் ஒன்று கைவசம் இருந்ததால் அதையும் காட்டிக்கொண்டேன்: இந்த வாரத்திலிருந்து செவ்வாயும் சனியும் மட்டும் ஜெட் விமானம் வருகிறது. அதே ஒரு மணிக்குத்தான் கிளம்பும். ஆனால் இரண்டு மணி ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும். மூன்று மணி ஐந்துக்குத் தரையில் இருக்கும்.

அவள் கவுண்ட்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரும்பச் சொல்லச் சொன்னாள். திரும்பச் சொன்னேன்.

"தூரம் ஒண்ணுதான்?"

"ஒன்றுதான்."

"பொறப்படற நேரமும் ஒண்ணுதான்."

"ஆமாம்."

"செவ்வாக்கெழம மட்டும் ஒரு மணி நேரம் முன்ன வந்துக்கினு கீது."

"ஒரு மணி பத்து நிமிஷம்" என்று திருத்தினேன். எனக்கு எப்போதும் இந்தத் திருத்துகிற புத்தி உண்டு.

"அப்ப எம் புருசன் திருடன் இல்ல" என்றாள்.

4

இங்கே கதை நின்று கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். கட்டுரை பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் தாண்டிப் போனால் பின்னால் திண்டாடுவீர்கள்.

அந்த ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோலக் கிடைக்காது. கடல் ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் கொட்டும். உள்ளே போகப் போகக் குறையும். வலுத்தவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் குப்பத்துக்காரர்கள் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பத்திரம் கிடையாது, போலீஸ் கிடையாது. சொன்ன சொல்லை வைத்து அத்தனை குடும்பமும் சாப்பிடுகிறது.

முகத்துவாரப் பாட்டை ஒரே நாளில் இரண்டு கூட்டம் பங்கிட்டுக்கொண்டன. காலையிலிருந்து ஒரு கூட்டம், சாயங்காலம் ஒரு கூட்டம். எந்த நேரத்தில் கை மாறுவது? வெயில் நாளில் நிழலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இறால் வருவதோ மழைக்காலத்தில். சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டாது. குப்பத்தில் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு கார்த்திகையிலும் மண்டை உடைந்தது. அப்போதுதான் யாரோ கவனித்தார்கள்: தினமும் ஒரு விமானம் ஏரிக்கு மேலே தெற்கே போகிறது, மேகம் மறைத்தாலும் சத்தம் கேட்கிறது. பிளேன் சத்தம் கேட்டால் முதல் கூட்டம் வலையைத் தூக்கிவிட வேண்டும் என்று அம்மன் முன்னால் சூடம் கொளுத்திச் சத்தியம் செய்துகொண்டார்கள். ஆறு வருஷம் ஒரு தகராறு இல்லை.

[என் கம்பெனி தன்னை அறியாமல் செய்த நல்ல காரியம் இது. வேறு நல்ல காரியம் நினைவுக்கு வந்தால் அச்சுக்குப் போகுமுன் சேர்க்கிறேன்.]

கங்கம்மாள் என்னிடம் வந்ததற்கு இரண்டு நாள் முன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமை, முதல் கூட்டம் அவள் புருஷன் துலுக்காணத்துடையது. இரண்டாவது கூட்டம் பூவராகவனுடையது. இவன் கங்கம்மாளின் பெரியப்பா மகன். ஆகவே துலுக்காணத்துக்கு மச்சான். வானம் மூடிக்கிடந்தது. வலை கனத்துக்கொண்டிருந்த நேரத்தில் மேலே சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம் மாவு மில்லைப் போல ஒரே சீராக இருக்கும். இது துணியைக் கிழிப்பது போல இருந்தது. இது நம்ம பிளேன் இல்லை, நம்முடையது இன்னும் வரவில்லை என்று சொல்லித் துலுக்காணம் வலையைத் தூக்க மறுத்துவிட்டான். பூவராகவன் கரையில் நின்று கத்தினான். துலுக்காணம் தன் பிளேனுக்காகக் காத்திருந்தான். அது வரவே இல்லை. இருட்டிவிட்டது. அன்றைய இறால் முழுவதும் துலுக்காணத்தின் வலையில்.

மறுநாள் புதன்கிழமை பழைய விமானம் பழைய சத்தத்தோடு பழைய நேரத்துக்கு வந்தது. அதோடு முடிந்தது. பிளேன் எங்கேயும் போகவில்லை, நேற்றும் அதுதான் வந்தது, துலுக்காணம் பொய் சொல்லி மச்சான் பாட்டைத் திருடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. சனிக்கிழமை பஞ்சாயத்து. குற்றம் உறுதியானால் மூன்று வருஷம் அந்த வீட்டுக்குச் சீட்டு கிடையாது. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. சீட்டை எடுத்துக் கொடுக்கிற கையாக ஊர் வைத்திருந்தது துலுக்காணத்தின் கையைத்தான். அவன் எடுத்தால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

அவன் 'சத்தம் வேற' என்று ஒரு தடவை சொன்னான். நம்பவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டான். மானஸ்தர்களுக்கு இந்த வியாதி உண்டு. அதனால் கங்கம்மாள் ரயிலேறினாள்.

5

இனிமேல்தான் அந்தக் கேள்வி.

நேரத்தையும் தூரத்தையும் வாங்கிக்கொண்டு அவள் போயிருக்கலாம். போகவில்லை. "எங்க ஊட்டுக்கு மேல எத்தினி மணிக்கி வரும்?" என்று கேட்டாள்.

எந்த அட்டவணையிலும் இதற்குப் பதில் இல்லை. கிளம்புகிற ஊருக்கு நேரம் உண்டு, இறங்குகிற ஊருக்கு நேரம் உண்டு. நடுவில் இருக்கிற எண்ணூற்று ஐம்பது மைலில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பென்சிலை எடுத்தேன். அவளுடைய குப்பம் மீனம்பாக்கத்திலிருந்து சுமார் முப்பது மைல். ஜெட் நிமிஷத்துக்கு ஏழு மைல் போகிறது. ஆகவே இறங்குவதற்கு நாலரை நிமிஷம் முன்னால், அதாவது மூன்று மணி அரை நிமிஷத்துக்கு, அவள் கூரைக்கு மேலே. கணக்கைக் கட்டம் போட்டுக் காட்டினேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். என்னால் முடிந்த அளவு அலட்சியமாக அவர்களைப் பார்த்தேன்.

கங்கம்மாள் யோசித்தாள். பிறகு மரியாதையாகத்தான் சொன்னாள். "தப்பா கீதே சாமி. பாய் கட்டுன படகு நடு ஏரில பறக்கும். கரைக்கி வர சொல்லோ பாயை எறக்கிட்டு மெதுவா தான வரும். அதே வேகத்துல வந்தா கரைல மோதிக்கினு ஒடஞ்சிடும். உன் பிளேனு மட்டும் வேகத்த கொறைக்காதா?"

 மாடியில் வானொலி அறையில் இருந்த நண்பருக்குப் போன் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே, அங்கே வரும்போதே வேகத்தைக் குறைத்து இறங்க ஆரம்பித்திருப்பார்கள், பதினைந்து நிமிஷம் வைத்துக்கொள், யார் கேட்டது, எஞ்சினீயரா என்றார்.

"ஆமாம்" என்றேன்.

ஆக, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. பழைய விமானமானால் நாலு மணி. கங்கம்மாள் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். காகிதத்தில் எழுதி ஆபீஸ் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் இதைப் படிக்கிற ஆள் கிடையாது, நீயே வந்து சொல் என்றாள். உத்தியோகம் இருக்கிறது, வர முடியாது என்றேன். சரி என்று போய்விட்டாள்.

6

(ஒரு சந்தேகம். என்னுடையதல்ல, செங்கமலவல்லியுடையது.)

இதுவரை படித்துவிட்டு அவள் கேட்டாள்: எழுத்து தெரியாத ஒருத்தி உங்களைத் திருத்தினாள் என்றால் வாசகர்கள் நம்புவார்களா? அவளைக் கொஞ்சம் மட்டாக்கி உங்களைக் கொஞ்சம் தூக்கினால் என்ன?

அப்படியும் ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் கணக்கு முழுவதும் நான் போடுகிறேன். கங்கம்மாள் கண் கலங்கி 'தெய்வம் சாமி நீ' என்கிறாள். படித்தபோது என் காது கூசியது. கிழித்துவிட்டேன். தினமும் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து, எந்தப் படகு எப்போது கரை சேரும், அதற்குள் பொன்னேரி ரயிலைப் பிடிக்க முடியுமா என்று மனதில் கணக்குப் போட்டு வாழ்கிறவளுக்குத் தூரமும் நேரமும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குப் பாடம் நடத்தியவள் என்று எழுதிக்கொள்வதில் எனக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

(இன்னொரு பிரதியில் விமானத்தையே எடுத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைச் சங்கை வைத்தேன். ஷிப்டு மாறுகிற சங்கு, அதைக் கேட்டு வலை மாறுகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் என் கதை நடக்கும் வருஷத்தில் அங்கே சங்கு கிடையாது. புளியமரமும் ரயில் கேட்டும்தான். இப்போதுதான் நிலத்தை அளந்து கம்பி வேலி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சங்கு வந்த பிறகு அந்தக் கதையை வேறு யாராவது எழுதட்டும்.)

7

தப்பு என்று முதலில் சொன்னேனே, அது நாலரை நிமிஷக் கணக்கு என்று நினைத்திருப்பீர்கள். இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் ரயிலில் நின்றுகொண்டே வந்தபோதுதான் உறைத்தது. விசாரணைக் கவுண்ட்டரில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டவணையில் இருக்கிற நேரத்தை நடக்கப்போகிற நேரமாகவே சொல்வோம். 'வர வேண்டும்' என்று சொல்லமாட்டோம், 'வரும்' என்போம். அழுத்தமாகச் சொல்வோம். கேட்கிறவர்களும் விமானம் ஒரு மணி, இரண்டு மணி தாமதமாக வருவது ஊரறிந்த சங்கதி என்பதால் தாங்களே குறைத்துக்கொள்வார்கள். கங்கம்மாளுக்கு அது தெரியாது. ஓடத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகாத ஜெட்டை நம்பி, மூன்றுக்குப் பத்து நிமிஷம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிடுவாள். அது மூன்றரைக்கு வந்தால் அவள் குடும்பம் மூன்று வருஷம் பட்டினி கிடக்கும். நான் வரும் என்று சொன்ன வார்த்தையால்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. எச்சரிக்கை செய்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். பேசின் பிரிட்ஜில் இறங்கிக் கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து, பொன்னேரியில் இறங்கி, பஸ், பிறகு படகு. எங்கே போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா, திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வா என்றாள். நான் குளிக்கவில்லை. அதையும் இந்தக் கதையில் எழுதிவைக்கிறேன்.

8

போய்ச் சேர்ந்தபோது உச்சி வேளை தாண்டியிருந்தது. மேகம் அன்றைக்கும் இருந்தது. (இந்த மேகத்தை நான் பார்த்தேன், எழுதலாம்.) கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. கங்கம்மாள் நின்றபடி பேசிக்கொண்டிருந்தாள்.

பூவராகவன் கூட்டத்தின் வாதத்தைப் படகோட்டி எனக்கு வழியிலேயே சொல்லியிருந்தான். சத்தியம் பிளேன் மேலே செய்தது, மணி மேலே செய்ததல்ல. பிளேன் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் வலையைத் தூக்கியிருக்க வேண்டும். கேட்கும்போது எனக்கே சரியாகத்தான் பட்டது. வக்கீலுக்குப் படித்த என் சித்தப்பா பையனும் இப்படித்தான் பேசுவான்.

கங்கம்மாள் அதற்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் பதில் சொல்லவில்லை. பூவராகவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ண்ணா, தெனமும் நீ சோறு துன்னுட்டு தான பாட்டுல எறங்குவ. அண்ணி கொண்டாந்து குடுத்து, நீ துன்னு, கை கழுவி, வெத்தல போட்டுக்கினு குந்தி இருப்ப. அப்பறம் பிளேன் வரும். செவ்வாக்கெழம துன்னியா?"

பூவராகவன் தன் மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான்.

"அண்ணி சோறு கொண்டாரல இல்ல? வேளை ஆவல, அதான் கொண்டாரல. ஒன் வயித்துக்கு தெரிஞ்சிது ண்ணா."

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பூவராகவனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். பூவராகவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் ஆட்கள் விடவில்லை. சோறு முன்னே பின்னே வரும், அதெல்லாம் சாட்சி ஆகாது, பிளேன் நேரம் மாறிச்சு என்றால் காட்டு என்றார்கள்.

காட்டுகிறேன் என்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை. இன்றைக்கும் அந்தக் கிழிக்கிற சத்தம்தான் வரும், நாலு மணிக்கு வராது, மூன்று மணிக்கு முன்னாலேயே வரும். வந்தால் என் புருஷன் பொய் சொல்லவில்லை. வராவிட்டால் எங்கள் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மணியை யார் சொல்வது என்று ஒருவர் கேட்டார். அவள் கும்பலுக்குப் பின்னால் நின்ற என் மணிக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

நான் கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் பக்கத்து ஆட்களிடம் கொடுக்கவில்லை. நேரே போய்ப் பூவராகவன் கையில் வைத்தாள். பெரிய முள் நேராக மேலே நின்றால் மூன்று மணி என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். அப்போது இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். நான் கடைசியாக மணி பார்த்தது அதுதான்.

எல்லோரும் கரைக்கு நடந்தபோது அவளை ஓரமாக நிறுத்தி உண்மையைச் சொன்னேன். விமானம் சொன்ன நேரத்துக்கு வராது, பாதி நாள் தாமதம், அன்றைக்கு நான் சொல்லத் தவறிவிட்டேன், இப்போதாவது கெடுவைத் தள்ளி வைக்கச் சொல் என்றேன்.

"தெரியும் சாமி" என்றாள். "அன்னிக்கி சாயங்காலம் வரிக்கும் அங்கதான் வெளிய குந்திக்கினு இருந்தேன். நீங்க சொன்ன நேரத்துக்கு ஒண்ணு கூட வர்லன்னு அங்க நின்னவங்க திட்டிக்கினு இருந்தாங்க."

அப்படியென்றால் ஏன் இப்படிப் பந்தயம் வைத்தாய் என்று கேட்டேன்.

"வந்துச்சின்னா எம் புருசன் சொன்னது நெசம். வர்லன்னா, இத்தினி வருசமா இந்த ஊரு நம்புனது ஒரு பொய்க்கார பிளேன. ரெண்டுல எதுன்னாலும் அந்த ஆளு திருடன் இல்லன்னு ஆயிடும். பாடுதான போவும். போனா போவட்டும், நான் தலைல கூடை வெச்சி காப்பாத்துறேன்."

நான் பதினாறு வருஷமாகக் கணக்குச் சொல்கிறவன். இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

9

முடிவுகள்.

முதல் முடிவை எழுதிவிட்டேன். இரண்டு மணி ஐம்பதுக்கு மேகம் விலகி, வெள்ளி நிறத்தில் விமானம் தாழ வந்து, ஊரே ஆரவாரம் செய்து, என்னைத் தோளில் தூக்கி— இதை எழுதியபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காகவே அடித்துவிட்டேன். என் எடைக்கு யாரும் என்னைத் தூக்கமாட்டார்கள்.

இரண்டாவது முடிவில் விமானம் மூன்றேமுக்காலுக்கு வருகிறது. பாடு போகிறது. கங்கம்மாள் கூடையைத் தூக்குகிறாள். இதை எழுதியதும் செங்கமலவல்லி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒரு கட்டம் வரைதான்.

கரையில் ஊரே நின்றது. சத்தம் கேட்க வேண்டுமே என்று குழந்தைகளைக்கூட அதட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். பூவராகவன் மட்டும் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் அவன் நின்றான். நேரம் போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. மணி தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 

துலுக்காணம் எல்லோரையும் விட்டுத் தள்ளி, முழங்கால் தண்ணீரில் நின்றான். ஒல்லியான மனிதன். நான் வந்ததிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திடீரென்று தலையைக் கொஞ்சம் சாய்த்தான்.

"வர்து" என்றான்.

யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அலையும் காற்றும்தான். எங்கே வருது, ஒன்றையும் காணோமே என்று பூவராகவனின் ஆள் ஒருவன் கேட்டான். துலுக்காணம் திரும்பவில்லை. இரண்டாவது தடவை சொல்லவும் இல்லை.

பூவராகவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு துலுக்காணத்தின் முதுகைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். வானத்தைப் பார்க்கவே இல்லை. மணலில் நடந்து என்னிடம் வந்து, என் உள்ளங்கையை விரித்து, கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"எடுத்துக்கோ சாமி. மச்சான் வர்துன்னா வர்து" என்றான்.

அவன் ஆட்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிப் போய்த் துலுக்காணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். கங்கம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

இங்கே நிறுத்துகிறேன். பெரிய முள் எங்கே இருந்தது, விமானம் வந்ததா, எப்போது வந்தது என்று கேட்பீர்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்லாமல் இருப்பது என் உரிமை. கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க எனக்கு ஒரு விநாடி போதும். நான் அதைக் கவிழ்ந்தபடியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அந்த மனிதர்கள் நடுவில் நின்று அப்படிச் செய்ய எனக்குத் தோன்றியதே, அது எனக்கு இன்றைக்கும் பெருமை.

விமானத்தை நீங்களே வரவழைத்துக்கொள்ளுங்கள், அல்லது வரவிடாமல் செய்யுங்கள். எந்த நேரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். பூவராகவன் அதற்கு முன்பே கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.